ரூபிடியம் டிஸ்பென்சரை அணைத்தாலும் அழுத்தம் இறங்க மாட்டேன் என்கிறது: ஆம்பூலுக்கு மாறிவிடலாமா?

#1 குளிரணு

வணக்கம். லேசரால் ரூபிடியம்-87 அணுக்களைக் குளிர்வித்துப் பிடிக்கும் சின்ன அமைப்பு ஒன்று எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. தனித்தனி அறையெல்லாம் கிடையாது. ஒரு சதுரக் கண்ணாடிக் கலம், அதிலிருந்து 20 செ.மீ நீளமும் 16 மி.மீ உள்விட்டமும் உள்ள எஃகுக் குழாய், குழாயின் கடைசியில் வினாடிக்கு 20 லிட்டர் அயன் பம்பு. கலத்தின் கழுத்தில் இரண்டு டிஸ்பென்சர் (மின்சாரம் விட்டுச் சூடாக்கினால் ரூபிடிய ஆவி தரும் சின்னக் கூடு). ஒன்றில்தான் மின்சாரம் விடுகிறேன். இன்னொன்றை இதுவரை தொட்டதில்லை.

3.4 ஆம்பியர் விட்டால் காந்த-ஒளிப் பொறியில் (இனி மாட் என்றே எழுதுகிறேன்) ஏறக்குறைய 5 கோடி அணுக்கள் சேர்கின்றன. அதில் குறை இல்லை. ஆனால் நிரம்பும் வளைகோட்டின் கால மாறிலி வெறும் 1.5 வினாடி. பிடித்த அணு சராசரியாக அவ்வளவு நேரம்தான் தங்குகிறது. அடுத்த கட்டமாகக் காந்தப் பொறிக்கு மாற்றி ஆவியாக்கிக் குளிர்விக்க வேண்டும், அதற்கு 10 வினாடியாவது தேவை. டிஸ்பென்சரை அணைத்து 20 நிமிடம் காத்திருந்தாலும் 4 வினாடியைத் தாண்டவில்லை.

விசித்திரம் என்னவென்றால் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி டிஸ்பென்சர் ஓடும்போது 1.4 × 10⁻⁹ டார் (அழுத்த அலகு), அணைத்து 20 நிமிடம் கழித்து 6 × 10⁻¹⁰ டார் என்று காட்டுகிறது. பார்த்தால் நல்ல வெற்றிடம்தானே? டிஸ்பென்சரே சரியில்லை, ஆம்பூல் (ரூபிடிய உலோகத்தை அடைத்து மூடிய கண்ணாடிக் குச்சி) வாங்கலாம் என்கிறார் என்னுடன் வேலை செய்பவர். மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#2 பம்புமாமா

தம்பி, முதலில் அந்தப் பெட்டி காட்டும் எண்ணை நம்புவதை நிறுத்துங்கள். அது பம்புக்குள் இருக்கும் அழுத்தம். உங்கள் அணுக்கள் பம்புக்குள் இல்லை.

கணக்கு எளிது. காற்றுக்கு, நீண்ட உருளைக் குழாயின் கடத்துதிறன் 12.1 × விட்டத்தின் கனம் ÷ நீளம். அளவுகள் செ.மீ-ல், விடை வினாடிக்கு லிட்டரில். 1.6-இன் கனம் 4.1. 12.1-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 2.5 லிட்டர். 20 லிட்டர் பம்பும் இந்தக் குழாயும் தொடராகச் சேர்ந்தால் கலத்தில் உண்மையில் கிடைப்பது 2.2 லிட்டர்தான். பெரிய மோட்டாரை வைத்துவிட்டுச் சொட்டுநீர்க் குழாயை மாட்டிய கதை. (நான் கோயம்புத்தூர்க்காரன், பம்பு என்றால் எனக்கு இரண்டு வகையும் தெரியும்.)

வாயு கலத்துப் பக்கம்தான் வருகிறது என்றால், கலத்தில் அழுத்தம் பம்பு காட்டுவதைப்போல 9 மடங்கு. 1.4 × 10⁻⁹ என்றால் அங்கே 1.3 × 10⁻⁸. ரூபிடியம் மாட்டுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: அழுத்தத்தையும் ஆயுளையும் பெருக்கினால் சுமார் 2 × 10⁻⁸ டார்-வினாடி வரும். உங்கள் 1.3 × 10⁻⁸-ஐ வைத்து வகுத்துப் பாருங்கள், 1.5 வினாடி. நீங்கள் அளந்தது அதேதான். அணைத்த பிறகு 6 × 10⁻¹⁰-ஐ 9-ஆல் பெருக்கினால் 5.4 × 10⁻⁹, ஆயுள் 4 வினாடிக்குக் கொஞ்சம் கீழே. அதுவும் பொருந்துகிறது.

உங்கள் மாட்தான் இங்கே சரியான அழுத்தமானி. பெட்டி அலங்காரத்துக்கு.

ஒரு கேள்வி: டிஸ்பென்சரைச் சுட்டுப் பழக்கினீர்களா? எப்படி?

#3 வேதியியல்_வாத்தியார்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவன். ரூபிடியத்தைப் பற்றி எங்கள் பாடத்தில் வருவது, தண்ணீரில் போட்டால் வெடிக்கும் என்ற ஒரு வரிதான். ஒரு துண்டு ரூபிடியத்தை அறைக்குள் வைத்துவிட்டால் போதாதா? எதற்கு டிஸ்பென்சர், ஆம்பூல் என்று இவ்வளவு பாடு?

#4 காந்தமானி

வாத்தியார் கேட்டது மிக நல்ல கேள்வி. அந்தத் துண்டை வைத்தாலே போதும் என்பதால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நான் காந்தமானிக்கு ஆவிக்கலம் செய்பவள். மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு துளி ரூபிடியம், கொஞ்சம் நைட்ரஜன், வெளியே ஹீட்டர். உணர்திறன் வேண்டுமென்றால் 150 டிகிரி வரைகூடச் சூடாக்குவோம். எனக்கு அணு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

ஒவ்வொரு கார உலோகமும் அறைவெப்பத்தில் எவ்வளவு ஆவியைத் தானாகத் தருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 25 டிகிரியில் சீசியம் 1.5 × 10⁻⁶ டார், ரூபிடியம் 4 × 10⁻⁷, பொட்டாசியம் 2 × 10⁻⁸. சோடியத்துக்கு வந்தால் 10⁻¹¹ கணக்கு. லித்தியத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், 10⁻²⁰ பக்கம்.

ரூபிடியத்தின் 4 × 10⁻⁷ எனக்குப் போதாது, குளிரணுவுக்கோ அது தாங்காது. அவ்வளவு ஆவி இருந்தால் அவருடைய அணு பொறியில் 50 மில்லி வினாடிகூட நிற்காது. அதனால்தான் டிஸ்பென்சர். அதில் உலோகமே கிடையாது. ரூபிடியம் குரோமேட் உப்பும் சிர்கோனியம்-அலுமினியப் பொடியும் கலந்து, நீளவாக்கில் கீறல் விட்ட மெல்லிய உலோகக் கூட்டில் அடைத்திருப்பார்கள். மின்சாரம் விட்டுப் பல நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் சிர்கோனியம் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும், ரூபிடியம் ஆவியாக வெளியே வரும். ஆறிவிட்டால் வருவது நிற்கும். காற்றில் கையால் எடுத்து மாட்டலாம், வெடிக்காது.

ஆக, வாத்தியாரே, துண்டு என்பது எப்போதும் திறந்திருக்கும் குழாய், டிஸ்பென்சர் மூடி போட்ட குழாய். குளிரணுவின் தொல்லை, மூடியை மூடிய பிறகும் தரை ஈரமாகவே இருக்கிறது என்பது.

#5 லித்தியம்_வீட்டுக்காரன்

அறைவெப்பத்திலேயே ஆவி கிடைக்கிற ரூபிடியம்காரர்கள் எல்லாம் பணக்காரர்கள். எங்களுக்கு 10⁻⁴ டார் வேண்டுமென்றால் அடுப்பை 400 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். சூடான லித்தியம், இணைப்புகளை அடைக்கும் செம்பு கேஸ்கெட்டைத் தின்றுவிடும், அதனால் நிக்கல் கேஸ்கெட். கண்ணாடியையும் விட்டுவைக்காது. எதிரே இருக்கும் சாளரத்தில் மாதக்கணக்கில் உலோகம் படிந்து அது மெல்ல மெல்ல முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். நான் காலையில் வந்ததும் முதலில் அடுப்பைப் போடுவேன், அப்புறம்தான் எனக்குக் காபி.

இதில் ஒரு நன்மை உண்டு, சுவரில் ஒட்டிய லித்தியம் திரும்பி வராது. அடுப்புக்கு முன்னால் ஒரு தகடு மறைப்பு வைத்தால் போதும், அடைத்த கணத்தில் எல்லாம் சுத்தம். குளிரணு கேட்கிற "அணைத்தால் அணைய வேண்டும்" என்பது எங்களுக்கு ஓசியில் கிடைக்கிறது. ஏழைக்கு எள்ளுருண்டை.

#6 குளிரணு

மாமா, உங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று வருடமாக அந்தப் பெட்டியின் எண்ணைத்தான் குறிப்பேட்டில் எழுதிவந்தேன்.

சுட்டுப் பழக்கியது பற்றி: அறையை 150 டிகிரியில் ஒரு வாரம் சுட்டோம். டிஸ்பென்சருக்குத் தனியாக ஒன்றும் செய்யவில்லை. ஆறிய பிறகு நேராக 3 ஆம்பியரில் ஆரம்பித்தோம். அப்போது அழுத்தம் 10⁻⁷ வரை போய் இறங்கியது. ரூபிடியம் வருகிறது என்று சந்தோஷப்பட்டோம்.

#7 பம்புமாமா

அது ரூபிடியம் இல்லை தம்பி. ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, தண்ணீர். கடையில் இருந்து வந்த டிஸ்பென்சரின் உலோகக் கூட்டிலும் பொடியிலும் ஒட்டிக்கொண்டிருந்ததெல்லாம் உங்கள் சுத்தமான கலத்துக்குள் இறங்கியிருக்கிறது.

முறை இது. அறை சூடாக இருக்கும்போதே, டர்போ பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, டிஸ்பென்சரில் அரை அரை ஆம்பியராக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் அழுத்தம் எகிறி இறங்கும்வரை பொறுமை. ரூபிடியம் வரத் தொடங்கும் மின்னோட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் சில வினாடி மட்டும் மேலே ஒரு தட்டு தட்டி இறக்கிவிட வேண்டும். வரம்பு எவ்வளவு என்பது டிஸ்பென்சரோடு வந்த தாளில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. எத்தனை டிஸ்பென்சர் இருக்கிறதோ அத்தனைக்கும் செய்ய வேண்டும், சேமிப்பு என்று வைத்திருப்பதற்கும். நாளைக்கு அதைத் திறக்கும்போது இதே கூத்து இன்னொரு முறை நடக்கும்.

இன்னொன்று. டிஸ்பென்சர் சூடாகும்போது அதைத் தாங்கும் செம்புக் கம்பிகளும் சூடாகின்றன, கழுத்துச் சுவரும் சூடாகிறது. 20 நிமிடத்தில் அவை முழுக்க ஆறியிருக்காது. உங்களைத் தொல்லைப்படுத்தும் வாயுவில் ஒரு பங்கு டிஸ்பென்சரிலிருந்தே வராமல் அதன் அண்டைவீட்டுக்காரர்களிடமிருந்து வரலாம். கம்பி தடிமனாகவும், வெளியே ஃபீட்த்ரூ (மின்கம்பியை வெற்றிடச் சுவரைத் தாண்டிக் கொண்டுவரும் இணைப்பு) வழியாக வெப்பம் ஓடும்படியும் இருந்தால் சீக்கிரம் ஆறும். மெல்லிய கம்பி போட்டிருந்தால், அது இன்னொரு ஹீட்டர்.

#8 குளிரணு

மெல்லிய கம்பிதான். 😐

#9 காந்தமானி

ஆம்பூலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதற்கு வருகிறேன். நான் இரண்டும் வைத்து வேலை செய்தவள், ஆம்பூலுக்கு ஆதரவாகவும் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆம்பூல் என்பது 1 கிராம் ரூபிடியத்தை ஆர்கானில் அடைத்து மூடிய கண்ணாடிக் குச்சி. பெல்லோஸுக்குள் (வளையக்கூடிய உலோகக் குழாய்) போட்டு, அறையைச் சுட்டு முடித்து, அப்புறம் பெல்லோஸை வளைத்து உடைப்போம். உடைத்ததும் ஆர்கான் வெளியே வரும். அயன் பம்புக்கு ஆர்கான் பிடிக்காது, அதனால் அந்த நேரத்தில் டர்போ ஓட வேண்டும். நடுவில் ஒரு வால்வு வேண்டும். அதன்பின் பெல்லோஸைக் குளிர்வித்தும் சூடாக்கியும் ஆவியைக் கட்டுப்படுத்தலாம். ரூபிடியத்தை 25 டிகிரியிலிருந்து மைனஸ் 20-க்கு இறக்கினால் ஆவியழுத்தம் 4 × 10⁻⁷-லிருந்து 10⁻⁹-க்கு வரும், 300 மடங்குக்கும் மேல் குறைவு. மின்சாரத்தால் குளிர்விக்கும் ஒரு பெல்டியர் தகடு போதும், சூடான செம்புக் கம்பி வேண்டாம். 1 கிராம் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் வரும்.

தொல்லையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை நான் உடைத்த ஆம்பூலின் கண்ணாடிச் சில்லு வால்வு உட்காரும் இடத்தில் போய் மாட்டிக்கொண்டது. வால்வு மூடவில்லை. எட்டு மாத வேலை. இப்போது உடைப்பதற்கு முன் நடுவில் ஒரு கம்பிவலை வைக்கிறேன். அப்புறம், வேலை முடிந்து அறையைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் ஒரு கிராம் தீப்பிடிக்கும். ஆர்கான் பையில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐசோபுரொப்பனாலில் கரைத்துக் கொல்ல வேண்டும். அவசரப்பட்டால் புருவம் போய்விடும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அறை ஏசி நின்று 25 டிகிரி 35 ஆனால், ரூபிடியத்தின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 3 மடங்கு ஆகிவிடும். மே மாதம் மின்தடை வந்த அன்று நான் எடுத்த தரவுகளை இன்றைக்கும் யாருக்கும் காட்டுவதில்லை.

#10 பம்புமாமா

ஒரு திருத்தம் அம்மா. குளிர்விரலின் (ரூபிடியம் இருக்கும் குளிர்ந்த முனை, இங்கே உங்கள் பெல்லோஸ்) வெப்பநிலைதான் மொத்த அறையின் ரூபிடிய அழுத்தத்தையும் தீர்மானிக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். கடைசியில் அது உண்மைதான், ஆனால் அந்தக் "கடைசி" எப்போது வரும்? கண்ணாடிச் சுவரிலும் எஃகிலும் ஒட்டிய அணுக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, சுவரில் மோதி மோதி, அந்த ஒரு சின்னக் குளிர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பெல்லோஸ் ஒரு மூலையில், நடுவில் வால்வு, வளைவு என்று இருந்தால் வாரங்கள் ஆகும். குளிர்விரலை இறக்கிவிட்டு அரைமணியில் எதிர்பார்க்க முடியாது.

#11 காந்தமானி

ஒத்துக்கொள்கிறேன். என் கலம் சுண்டுவிரல் அளவு, அதனால் எனக்கு அது தெரிந்ததே இல்லை.

#12 சில்லு_வேலை

எல்லாரும் "எப்படி அதிகம் வரவைப்பது, எப்படிக் குறைவாக வரவைப்பது" என்று பேசுகிறீர்கள். ஒரு கணக்கை மட்டும் யாரும் போடவில்லை. 1 மில்லிகிராம் ரூபிடியத்தில் 7 × 10¹⁸ அணுக்கள். குளிரணு ஒரு தடவை பிடிப்பது 5 × 10⁷. பத்து வினாடிக்கு ஒருமுறை நிரப்பினால், வீணாகாமல் போனால், அந்த ஒரு மில்லிகிராம் 44 ஆயிரம் வருடம் வரும். டிஸ்பென்சரில் சில மில்லிகிராம் இருக்கிறது. அணுவுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. வருகிற அணுவில் பிடிபடுவது சொற்பம், மீதி சுவருக்குப் போகிறது, சுவரிலிருந்து திரும்பி வந்து நம்மைத் தொல்லைப்படுத்துகிறது. அறைவெப்பத்தில் ரூபிடியம் வினாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, மாட் பிடிக்கக்கூடியது 30 மீட்டர் அளவில் வருபவற்றை மட்டும். பத்தாயிரத்தில் ஒன்றோ இரண்டோதான் தேறும்.

அதனால் ஒரு மூலத்தைப் பற்றிக் கேட்க வேண்டியது, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறதா என்று. டிஸ்பென்சர் திரும்ப வாங்காது. குரோமேட் ஒருவழிப் பாதை.

நான் இருப்பது சில்லுக் கடிகாரப் பக்கம். சிலிக்கனில் ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடியை ஒட்டிய, சில மில்லிமீட்டர் அளவுள்ள கலம். இவ்வளவு சின்னக் கலத்துக்குள் உலோகத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் 20 வருடப் போராட்டம். முதலில் பேரியம் அசைடையும் சீசியம் குளோரைடையும் சேர்த்துச் சுடவைத்தார்கள், சீசியமும் நைட்ரஜனும் கிடைக்கும். ஆனால் பேரியம் அசைடு வெடிக்கும் குணமுள்ளது, எதிர்வினை முழுமையாகவும் நடக்காது. அப்புறம் ரூபிடியம் அசைடை உள்ளே வைத்து மூடி, வெளியிலிருந்து புற ஊதா ஒளியில் காட்டினார்கள், அது பிரிந்து ரூபிடியமும் நைட்ரஜனும் ஆகும். தேவைப்படும் தாங்குவாயுவும் (அணுக்கள் சுவரில் மோதுவதைக் குறைக்கும் வாயு, இங்கே நைட்ரஜன்) அதிலேயே கிடைத்துவிடுவது அழகு. டிஸ்பென்சர் பொடியையே மாத்திரையாக அடித்து, கலத்தை மூடிய பிறகு லேசரால் குறிபார்த்துச் சுடுவது இன்னொரு வழி.

திரும்ப வாங்கும் வகையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று கிராஃபைட். கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே கார உலோகம் புகுந்து உட்காரும், பொட்டாசியம் புகுந்த கிராஃபைட் வெண்கல நிறத்தில் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது உறிஞ்சும், சூடாக்கினால் விடும். தேவைக்கு மேல் இருக்கும் ஆவியை அது குடித்துவிடுவதால் சுற்றுப்புறம் சூடானாலும் அடர்த்தி அவ்வளவாக ஏறாது. இரண்டாவது பீட்டா அலுமினா. அது சோடியம் அயனிகள் ஓடும் திடப்பொருள். சோடியத்தை எடுத்துவிட்டு ரூபிடியத்தைப் புகுத்தலாம். இருபக்கமும் மின்வாய் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் ரூபிடியம் வெளியே வரும், திருப்பிக் கொடுத்தால் உள்ளே போகும். பாட்டரி மாதிரி, ஒரு பக்கத்தில் ஆவி.

#13 லித்தியம்_வீட்டுக்காரன்

அடேயப்பா. கடையில் கிடைக்கிறதா?

#14 சில்லு_வேலை

தயாராகக் கிடைப்பதாக நான் பார்க்கவில்லை. சோடியம் வகை பீட்டா அலுமினா கிடைக்கும், அயனி மாற்றுவது உங்கள் பாடு. மாற்றும்போது ரூபிடியம் சோடியத்தைவிடப் பெரிய அயனி என்பதால் பீங்கான் விரிசல் விடும். மின்வாய் துளைகள் நிறைந்த மெல்லிய உலோகமாக இருக்க வேண்டும், சூடாகவும் வைக்க வேண்டும். தீசிஸ் எழுத நல்ல விஷயம், தீசிஸை முடிக்க நல்ல விஷயமா என்று தெரியவில்லை.

எதற்காக இந்தப் பாடு என்று கேட்டால்: வயலிலும் விண்ணிலும் ஓடும் கருவிக்கு யாரும் பக்கத்தில் நின்று மின்னோட்டத்தைத் திருக மாட்டார்கள். ரூபிடியம் கடிகாரத்தின் விளக்கில் இருக்கும் ரூபிடியம் மெல்ல மெல்ல கண்ணாடிக்குள் ஊறிப் போகும், தீர்ந்தால் விளக்கு போச்சு. அதிகமாக வைத்தாலும் ஒளி மாறும். 2023 மே 29-ல் ஏவிய என்.வி.எஸ்-01 வழிகாட்டிச் செயற்கைக்கோளில் அகமதாபாத்தில் உருவான நம் நாட்டு ரூபிடியம் கடிகாரம் போனபோது எல்லாரும் ராக்கெட்டைப் பார்த்தார்கள், நான் அந்தக் கண்ணாடிக் குமிழியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

#15 வேதியியல்_வாத்தியார்

குரோமேட்டைச் சிர்கோனியம் ஒடுக்குகிறது, அசைடு ஒளியில் பிரிகிறது, கிராஃபைட்டுக்குள் உலோகம் நுழைகிறது. இவ்வளவும் நான் தனித்தனிப் பாடமாக நடத்துபவை. திங்கட்கிழமை வகுப்பில் ஒரே மணியில் சொல்லப் போகிறேன், அனுமதி உண்டா?

#16 சில்லு_வேலை

தாராளமாக. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம்-40 இயற்கையில் 0.0117 சதவீதம்தான். அதை வைத்து 1999-ல் அமெரிக்காவில் ஃபெர்மி வாயு (மிகக் குளிர்ந்த, ஃபெர்மியான் வகை அணுக்களின் வாயு) செய்தவர்களுக்குக் கடை டிஸ்பென்சர் உதவவில்லை. செறிவூட்டிய பொட்டாசியம் குளோரைடையும் கால்சியத்தையும் கலந்து தாங்களே டிஸ்பென்சர் செய்துகொண்டார்கள். பிளஸ் டூ வேதியியல்தான்.

#17 குளிரணு

எல்லாருக்கும் நன்றி. ஆனால் நான் இருக்கிற நிலைமையில் பீட்டா அலுமினாவும் முடியாது, அறையைத் திறக்கவும் முடியாது. மார்ச்சுக்குள் தரவு வேண்டும். உள்ளே கைவைக்காமல் ஏதாவது வழி இருக்கிறதா?

#18 சில்லு_வேலை

புற ஊதா எல்.இ.டி. விலை சில நூறு ரூபாய். 395 அல்லது 405 நானோமீட்டர்.

உங்கள் கண்ணாடிக் கலத்தின் சுவரில் மூன்று வருட ரூபிடியம் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் நீல-ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அணுக்கள் உரிந்து வரும். 1993 வாக்கில் இத்தாலியில் சிலிக்கோன் பூசிய கலங்களில் கவனித்த விளைவு இது, பிறகு வெறும் கண்ணாடியிலும் எஃகிலும்கூட வேலை செய்வது தெரிந்தது. அலைநீளம் குறையக் குறையப் பலன் அதிகம். விளக்கை ஏற்றினால் ரூபிடியம் எழும், மாட் நிரம்பும், அணைத்ததும் சுவர் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். சூடாவதற்கும் ஆறுவதற்கும் எதுவுமில்லை. உங்கள் கலத்தின் சுவரே திரும்ப வாங்கும் மூலம்.

#19 பம்புமாமா

தம்பி சொல்வது சரி, ஆனால் தேன் தடவிச் சொல்கிறார். ஒளி ரூபிடியத்தை மட்டும் உரிக்காது, சுவரிலுள்ள மற்றதையும் கொஞ்சம் கிளப்பும். இரண்டாவது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரூபிடியம் குழாய் வழியாகப் பம்புப் பக்கம் போய்த் திரும்பாது. சுவர் காய்ந்துவிடும். அப்போது டிஸ்பென்சரை ஓட்டி மறுபடி பூச வேண்டும். அதை ராத்திரி செய்யுங்கள், பகலில் அணைத்துவிட்டு எல்.இ.டி-யில் வேலை. இப்படிச் செய்தால் கம்பியின் வெப்பமும் உங்கள் அளவீட்டு நேரத்தில் குறுக்கே வராது.

நிரந்தரத் தீர்வு வேறு. மூலத்தை வேறு அறையில் வையுங்கள். அங்கே 10⁻⁷ டார் இருக்கட்டும், இரு பரிமாண மாட் வைத்து அணுக்கற்றை உண்டாக்கி, 1.5 மி.மீ துளையும் 2 செ.மீ நீளமும் உள்ள குழாய் வழியாக அடுத்த அறைக்குத் தள்ளுங்கள். அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், அந்தத் துளையின் கடத்துதிறன் 0.02 லிட்டர். அடுத்த பக்கம் 20 லிட்டர் பம்பு நேராக ஒட்டியிருந்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் நிற்கும். அணு போகும், வாயு போகாது.

#20 லித்தியம்_வீட்டுக்காரன்

ஆயிரம் மடங்குக்கு விலை: இன்னொரு லேசர் பெருக்கி, இன்னும் நாலு கண்ணாடிச் சாளரம், இன்னொரு பம்பு, அதைச் சீரமைக்க இன்னொரு மாணவர்.

#21 காந்தமானி

குளிரணு, எல்.இ.டி-யைப் பொருத்தும்போது கலத்தின் சாளரத்துக்கு எதிர்ப்பிரதிபலிப்புப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். 780-க்குப் போட்ட பூச்சு 395-ல் என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். கழுத்துப் பக்கம் பூச்சில்லாத இடத்தில் அடியுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஊதா ஒளி மங்கலாகத் தெரிவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

இன்னொரு ஆறுதல். டிஸ்பென்சர் வைத்து மாட் நிரப்புவது ஒன்றும் மட்டமான வழி இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து 2001-லேயே அதைப் பற்றி பிசிக்கல் ரிவ்யூவில் கட்டுரை வந்திருக்கிறது. அதைச் சுட்டுப் பழக்காமல் விட்டதுதான் மட்டம், அதற்கு மாமா ஏற்கெனவே பூசை போட்டுவிட்டார்.

#22 குளிரணு

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஆறு எல்.இ.டி, 395 நானோமீட்டர், கழுத்தைச் சுற்றி 3டி அச்சில் செய்த ஒரு வளையத்தில். ராத்திரி இரண்டு மணி நேரம் டிஸ்பென்சர் 3.2 ஆம்பியரில், அப்புறம் அணைத்துவிட்டு வீட்டுக்கு. காலையில் வந்தால் பம்பு 2.5 × 10⁻¹⁰ காட்டுகிறது (9-ஆல் பெருக்கிக்கொண்டேன் மாமா). எல்.இ.டி-யை 3 வினாடி ஏற்றினால் 1.8 கோடி அணுக்கள். பழைய 5 கோடி இல்லை. ஆனால் அணைத்த பிறகு ஆயுள் 9 வினாடி. முதல் தடவை அந்த வளைகோட்டைப் பார்த்தபோது ஏதோ மின்கம்பி கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பிரச்சினை, மதியத்துக்கு மேல் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. மாலை 5 மணிக்கு 90 லட்சம்தான். சுவர் காய்வது கண்ணெதிரே தெரிகிறது. முக்கியமான அளவீடுகளை 11 மணிக்குள் முடித்துவிடுகிறேன். இவ்வளவு சீக்கிரம் எழுந்து ஆய்வகம் வருகிற மாணவனை எங்கள் துறை பார்த்ததில்லை.

ஆம்பூல் வாங்கும் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

#23 சில்லு_வேலை

9 வினாடி! எல்.இ.டி நேரத்தைக் கூட்டாமல் ஒளியளவைக் கூட்டிப் பாருங்கள், மதியத்துக்கு மேலும் தாங்கலாம்.

#24 பம்புமாமா

சந்தோஷம் தம்பி. அந்த இரண்டாவது டிஸ்பென்சரைப் பழக்கிவிட்டீர்களா?

#25 குளிரணு

இல்லை மாமா.

#26 பம்புமாமா

நினைத்தேன்.